காட்டை எண்ணும் வேட்டைக்காலம்

கரடியின் கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிப் பல் இருக்கிறது. கடிக்கவும் உதவாது, மெல்லவும் உதவாது. அந்தப் பல் இல்லாமலே கரடி நன்றாக வாழும். ஆனால் அமெரிக்காவின் வடக்கு எல்லையில் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தில் யாராவது ஒரு கருங்கரடியைச் சுட்டு வீழ்த்தினால், 48 மணி நேரத்துக்குள் அதைப் பதிவு செய்துவிட்டு, இந்தப் பல்லைப் பிடுங்கி ஓர் உறையில் போட்டு மாநில இயற்கைவளத் துறைக்குக் கொடுக்க வேண்டும். கரடியின் தோலும் இறைச்சியும் வேட்டைக்காரருக்கு. பல் அரசாங்கத்துக்கு.

அப்படி அந்தப் பல்லில் என்னதான் இருக்கிறது? பல்லின் வேரைச் சுற்றி சிமென்டம் என்றொரு படலம் உண்டு. பல்லைத் தாடையோடு பிணைத்து வைப்பது அதுதான். கரடி உயிரோடு இருக்கும்வரை இந்தப் படலம் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே இருக்கும். கோடையில் அகலமாக, வெளிறிய நிறத்தில் வளரும். குளிர்காலத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோய் ஒரு கருங்கோடு விழும். வேரை மிக மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துக் கோடுகளை எண்ணினால் கரடியின் வயது தெரிந்துவிடும். மொன்டானா மாநிலத்தில் மேட்சன் ஆய்வகம் என்ற ஒன்று பல ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்துவருகிறது. வட அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்தும் பற்கள் அங்கே போய்ச் சேருகின்றன.

வயது மட்டும் என்றால் இவ்வளவு நீட்டிச் சொல்லியிருக்க மாட்டேன். பெண் கரடியின் பல்லில் இன்னொரு செய்தியும் பதிந்திருக்கிறது. குட்டிகளுக்குப் பால் கொடுத்து வளர்த்த ஆண்டில் தாயின் உடலில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இருக்காது. அந்த ஆண்டின் படலம் குறுகிப்போகும். மறு ஆண்டு அகலமாகும். அடுத்த ஈற்றில் மறுபடி குறுகும். மின்னசோட்டாவில் கரடிகளை ஆராய்ந்துவந்த டேவிட் கார்ஷெலிஸும் அவருடன் பணியாற்றியவரும் 1992-இல் இதை விளக்கி எழுதினார்கள். இறந்துபோன ஒரு பெண் கரடி எத்தனை வயதில் முதல் ஈற்றுக் குட்டிகளை வளர்த்தது, அதன்பின் எந்தெந்த ஆண்டுகளில் வளர்த்தது என்பதையெல்லாம் யாரும் கண்ணால் பார்த்திராவிட்டாலும் அதன் ஒரு பல்லிலிருந்து படித்துவிடலாம். காட்டுவிலங்கு ஆராய்ச்சியில் நான் அறிந்தவற்றுள் இதைவிட அழகான கண்டுபிடிப்புகள் மிகச் சிலவே.

இந்தக் கரடிகள் வாழும் காட்டைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மின்னசோட்டாவின் வடக்கில், கனடா எல்லையை ஒட்டி, பவுண்டரி வாட்டர்ஸ் என்ற வனப்பகுதி கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 11 இலட்சம் ஏக்கர். உள்ளே ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். பெரும்பாலான ஏரிகளில் மோட்டார் படகுக்கு அனுமதி கிடையாது. கனூ எனப்படும் துடுப்பு ஓடத்தில் போய், ஏரி முடிந்த இடத்தில் ஓடத்தைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து, அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். பைனும் ஸ்புரூஸும் பிர்ச்சும் நிறைந்த காடு. ஆகஸ்ட் முடியும்போதே இரவுகள் குளிரத் தொடங்கிவிடும்.

அந்தச் சமயத்தில் ஆழமில்லாத ஏரிகளில் காட்டரிசி முற்றி நிற்கும். நம் நெல்லுக்குத் தூரத்து உறவான ஒரு நீர்ப்புல் அது. அந்த மண்ணின் ஓஜிப்வே மக்கள் மனூமின் என்று அழைக்கும் இந்தத் தானியம் அவர்களுக்கு உணவு மட்டுமன்று, வழிபாட்டுக்கும் உரியது. ஓடத்தில் ஒருவர் நின்று கோலூன்றித் தள்ள, உட்கார்ந்திருப்பவர் தாள்களை ஒரு கோலால் வளைத்து, மறு கோலால் மெல்லத் தட்டுவார். முற்றிய மணிகள் ஓடத்துக்குள் விழும். தவறி நீருக்குள் விழுபவற்றில் ஒரு பங்கு அடுத்த ஆண்டு முளைக்கும். இன்னொரு பங்கு தெற்கு நோக்கிப் புறப்படும் வாத்துகளுக்கு வழியுணவு. 1837-இலும் 1854-இலும் அரசோடு செய்த ஒப்பந்தங்களின்படி நிலத்தைக் கொடுத்தபோதும், அங்கே வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் அரிசி சேகரிக்கவும் தங்களுக்குள்ள உரிமையை ஓஜிப்வே மக்கள் கைவிடவில்லை. 1837 ஒப்பந்தத்தின் உரிமை இன்றும் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது.

செப்டம்பரில் கரடி வேட்டை தொடங்கும். மாத இறுதியில் வாத்து வேட்டை. வெளியூரிலிருந்து வருபவர்களுக்குக் காடு தெரியாது. ஆகவே வழிகாட்டிகளை அமர்த்திக்கொள்வார்கள். வழிகாட்டியின் வேலை ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கிவிடும். கரடிக்கு இரை வைக்க இந்த மாநிலத்தில் சட்டம் இடம் தருகிறது. பழசாகிப்போன டோனட், ரொட்டி, தானியம், சர்க்கரைப்பாகு என்று மூட்டை மூட்டையாகச் சுமந்துபோய், காட்டுக்குள் தேர்ந்த இடங்களில் வைத்து, இன்னார் வைத்தது என்று அடையாளமும் எழுதி மாட்டுவார்கள். பிறகு இரண்டொரு நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள். மரப்பட்டையில் நகக்கீறல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஈரமண்ணில் பாதச்சுவடு எத்தனை அகலம், எச்சத்தில் கிடப்பது பெர்ரி விதையா ஓக் கொட்டையின் ஓடா என்று பார்த்தே வந்துபோன கரடியின் அளவையும் காட்டின் விளைச்சலையும் சொல்லிவிடுவார்கள்.

இரை வைத்துக் காத்திருந்து சுடுவதை என்னால் ரசிக்க முடிவதில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தையும் கேட்க வேண்டும். அடர்ந்த காட்டில் கரடி கண்ணில் படுவதே அரிது. பட்டாலும் நொடியில் மறைந்துவிடும். இரை வைத்த இடத்தில் அது நின்று தின்னும்போதுதான் ஆணா பெண்ணா, பின்னால் குட்டி வருகிறதா என்று நிதானமாகப் பார்த்து முடிவெடுக்க முடியும். குட்டியைச் சுடுவது சட்டப்படி குற்றம். நீர்ப்பறவைகள் விஷயத்தில் சட்டம் நேர் எதிரானது. தானியம் தூவி வாத்தை வரவழைத்துச் சுடுவதை 1935-இலேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள். உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து மற்றவற்றை ஈர்ப்பதும் அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டது. இன்று நீரில் மிதப்பவை மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பொய்வாத்துகள்தாம்.

இந்த இரைக்குக் கரடி ஏன் மயங்குகிறது என்பதற்கு அதன் உடல்தான் பதில். கோடையின் கடைசியில் கருங்கரடிக்கு அடங்காப் பசி ஒன்று பிடித்துக்கொள்ளும். நாளில் பெரும்பகுதியும் தின்றுகொண்டே இருக்கும். ஒரே நாளில் 20,000 கலோரி வரை உள்ளே போகும், ஒரு மனிதனின் சுமார் எட்டு நாள் சாப்பாடு. ஹேசல் கொட்டை, ஓக் கொட்டை, காட்டுச் செர்ரி, எறும்பு, குளவிக் கூடு என்று எதையும் விடாது. ஓக் கொட்டைகளைத் தேடித் தன் வாழிடத்தை விட்டு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் போய்த் திரும்பும் கரடிகளும் உண்டு. அடுத்த ஆறு மாதத்துக்குச் சாப்பாடு கிடையாது. சேர்க்கிற கொழுப்புதான் சோறும் தண்ணீரும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் கரடிகள் ஆண்டு முழுவதும் நடமாடுபவை, அதனால் இந்தப் பனிக்கால உறக்கம் நமக்குக் கதை போலத்தான் இருக்கும். மின்னசோட்டாக் கரடி அக்டோபர் வாக்கில் ஒரு மரப்பொந்திலோ, வேருக்கடியில் தோண்டிய குழியிலோ சுருண்டுகொள்ளும். உண்ணாது, பருகாது, சிறுநீர் கழிக்காது, மலம் கழிக்காது. அலாஸ்காவில் கரடிகளைச் செயற்கைக் குகைகளில் வைத்து அளந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஓர் ஆச்சரியத்தைக் காட்டியது. உடல் வெப்பம் சில டிகிரிதான் இறங்கியது. ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றல் வழக்கமான அளவில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. நிமிடத்துக்கு 55 முறை துடிக்கும் இதயம் 14 முறைக்கு இறங்கியது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே சில நேரம் பத்து விநாடிக்கும் மேல் இடைவெளி. மூச்சை இழுக்கும்போது மட்டும் இதயம் வேகம் எடுக்கும், விட்டதும் அடங்கிவிடும்.

சிறுநீர் கழிக்காவிட்டால் யூரியா இரத்தத்தில் சேர்ந்து உயிரைக் குடிக்க வேண்டுமே? கரடியின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவை உடைக்கின்றன. அதிலிருந்து வரும் நைட்ரஜனை உடல் மீண்டும் புரதமாகக் கட்டிக்கொள்கிறது. ஆறு மாதம் படுத்துக் கிடந்தும் தசை அதிகம் கரைவதில்லை, எலும்பு மெலிவதில்லை. மனிதர் சில வாரம் படுக்கையில் கிடந்தாலே இரண்டும் பழுதுபடும். இதனால்தான் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பால் இயாய்ஸோ போன்ற இதய ஆய்வாளர்கள், குளிர்காலத்தில் கரடிக் குகைகளுக்குள் தவழ்ந்து போய், மனிதருக்குப் பொருத்தும் இதயப் பதிவுக் கருவியைக் கரடியின் தோலுக்கடியில் வைத்துவிட்டு வந்தார்கள்.

குட்டி பிறப்பதும் இந்த உறக்கத்துக்கு நடுவில்தான். கரடிகள் இணைவது ஜூன் வாக்கில். கரு உண்டாகிச் சில நாளிலேயே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, கருப்பையில் ஒட்டாமல் மிதந்தபடி காத்திருக்கும். நவம்பரில்தான் ஒட்டும். அதற்குள் தாய் போதிய கொழுப்பைச் சேர்த்திருந்தால் கர்ப்பம் தொடரும். இல்லாவிட்டால் கருவை உடல் கைவிட்டுவிடும். காட்டில் அந்த ஆண்டு ஓக்கும் ஹேசலும் காய்த்ததா என்பதைப் பொறுத்து, ஜனவரியில் எத்தனை குட்டி என்பது முடிவாகிறது. பிறக்கும் குட்டி கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம். உறக்கத்தின் நடுவிலேயே தாய் பால் கொடுக்கும். கர்ப்பமான பெண் கரடிகள்தாம் மற்ற எல்லாக் கரடிகளுக்கும் முன்பாகக் குகைக்குள் போகின்றன. அக்டோபரில் வெளியே திரிபவற்றில் ஆண்களின் விகிதம் கூடுவதற்கு இதுவே காரணம். பருவத்தைச் சில வாரம் முன்னோ பின்னோ நகர்த்தினால், சுடப்படுவது தாயா தந்தையா என்ற கணக்கே மாறிவிடும்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்தக் காட்டில் எத்தனை கரடி இருக்கிறது? எத்தனை என்று தெரியாமல் எத்தனை பேருக்கு வேட்டை அனுமதி கொடுப்பது?

சுடப்பட்டவற்றை எண்ணினால் போதும் என்று தோன்றும். போதாது. காட்டில் விளைச்சல் நன்றாக இருந்தால் கரடி டோனட்டைத் திரும்பியும் பார்க்காது. வேட்டைக்காரர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள். விளைச்சல் பொய்த்தால் கரடிகள் இரையைத் தேடி வந்து விழும். 1995-இல் காடு பொய்த்தது. அந்த ஒரே பருவத்தில் மின்னசோட்டாவில் ஏறத்தாழ 5,000 கரடிகள் வீழ்ந்தன. அதைப் பார்த்துக் கரடி பெருகிவிட்டது என்று நினைத்தால் தவறு. கரடிகள் பட்டினியாக இருந்தன, அவ்வளவுதான். இதை உணர்ந்ததால்தான் 1984 முதல் அந்த மாநிலத்தில் வனப்பணியாளர்கள் ஆண்டுதோறும் எந்தப் பழம், எந்தக் கொட்டை எவ்வளவு விளைந்தது என்று மதிப்பெண் போட்டுவருகிறார்கள். வேட்டைக்காரர்களின் எண்ணிக்கையும் இந்த விளைச்சல் மதிப்பெண்ணும் கையில் இருந்தால், பருவம் தொடங்குமுன்பே எத்தனை கரடி சுடப்படும் என்று ஓரளவு நெருக்கமாகச் சொல்லிவிடலாம்.

எண்ணிக்கைக்கு வேறு வழி வேண்டும். அதற்குத்தான் கார்ஷெலிஸ் குழு ஒரு மாத்திரையைக் கையிலெடுத்தது. டெட்ராசைக்ளின் நமக்குத் தெரிந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. அது கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும். வளர்கிற பல்லிலும் எலும்பிலும் போய்த் தங்கிவிடும். சின்னக் குழந்தைகளுக்கு இதைக் கொடுத்தால் பல்லின் நிறம் மாறிப்போகும் என்று மருத்துவர்கள் தவிர்ப்பது அதனால்தான். மனிதருக்குத் தொல்லையாக இருக்கும் அந்தக் குணமே இங்கே பயன்பட்டது. மாத்திரைகளைப் பன்றிக்கொழுப்பில் சுற்றி, மாநிலத்தின் கரடிக் காடு முழுவதும் மரங்களில் ஆயிரக்கணக்கில் மாட்டினார்கள். பிறகு போய், மரத்தில் நகம் பதிந்திருக்கும் விதத்தைப் பார்த்து எவற்றைக் கரடி தின்றது என்று குறித்துக்கொண்டார்கள். தின்ற கரடிக்குத் தெரியாமலே அதன் பல்லில் ஒரு குறி விழுந்துவிட்டது. பிடிக்கவில்லை, மயக்கவில்லை, தொடவே இல்லை.

பருவம் வந்ததும் வேட்டைக்காரர்கள் வழக்கம்போலப் பற்களை அனுப்பினார்கள். வேரின் சீவலைப் புறஊதா ஒளியில் வைத்தால், டெட்ராசைக்ளின் தின்ற கரடியின் பல்லில் ஒரு மஞ்சள் கோடு ஒளிரும். எந்த ஆண்டின் படலத்தில் ஒளிர்கிறதோ அந்த ஆண்டில் தின்றது என்பதும் புரிந்துவிடும். மற்றதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. 1,000 கரடிகள் மருந்து தின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்துசேர்ந்த பற்களில் பத்துக்கு ஒன்று ஒளிர்ந்தால், காட்டில் உள்ள கரடிகளிலும் பத்துக்கு ஒன்றுதான் மருந்து தின்றிருக்கும். அப்படியானால் மொத்தம் 10,000.

இந்தக் கணக்கு கரடிக்காகப் பிறந்ததன்று. டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீன்களுக்குக் குறியிட்டு வைத்த யோசனை அது. அதை வானத்துக்குக் கொண்டுபோனவர் ஃபிரெடெரிக் லிங்கன் என்ற அமெரிக்கர். 1920-இல் அமெரிக்க அரசின் பறவை வளையத் திட்டத்தை நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிச் சாலையில் செத்துப்போயிருந்தது. சந்தைக்காகக் கூட்டம் கூட்டமாகச் சுட்டு மூட்டை கட்டியதன் விளைவு. வலசை பறவைகளைக் காக்க அமெரிக்காவும் கனடாவின் சார்பில் பிரிட்டனும் 1916-இல் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இனி எத்தனை சுடலாம் என்று சட்டம் போட்டாயிற்று. எத்தனை இருக்கின்றன என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

லிங்கனின் ஆட்கள் வாத்துகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். சுட்டவர்கள் வளையத்தின் எண்ணை எழுதி அனுப்பினார்கள். வளையம் போட்டவற்றில் எத்தனை விழுக்காடு திரும்பி வருகிறது என்று பார்த்து, நாடு முழுவதும் சுடப்பட்ட மொத்தத்தோடு பொருத்தினால் கண்டத்தின் வாத்துத்தொகை கிடைக்கும் என்று 1930-இல் அவர் எழுதினார். வளையங்கள் வந்த ஊர்களை வரைபடத்தில் குறித்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. பறவைகள் இஷ்டத்துக்குத் தெற்கே போவதில்லை. பெரும்பாலும் நான்கு பெரிய வழிகளில் போகின்றன. அட்லாண்டிக், மிசிசிப்பி, நடுவழி, பசிபிக் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். இன்றும் வாத்துச் சட்டங்கள் மாநில எல்லைகளைத் தாண்டி இந்த நான்கு வானவழிகளின்படியே போடப்படுகின்றன. மின்னசோட்டா மிசிசிப்பி வழியின் தலைவாசல்.

இந்தக் கணக்கின் பலவீனம் மனிதர்கள். வளையம் கிடைத்த எல்லாருமா எழுதிப் போடுவார்கள்? சட்டைப்பையில் போட்டுக்கொள்பவர்களும், நினைவுப் பொருளாகக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. எத்தனை பேர் தெரிவிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சில வளையங்களில் மட்டும் 100 டாலர் வரை பரிசு என்று பொறித்தார்கள். பரிசு வளையம் அநேகமாகத் தவறாமல் வந்துசேரும். சாதா வளையம் அதோடு ஒப்பிட எவ்வளவு குறைகிறதோ அதுவே தெரிவிக்காதவர்களின் பங்கு. 1980-களின் இறுதியில், மல்லார்டு வாத்தின் சாதா வளையங்களில் மூன்றில் ஒன்றுதான் தெரிவிக்கப்பட்டது. வளையத்திலேயே இலவசத் தொலைபேசி எண்ணைப் பொறித்த பிறகு அது பத்தில் ஏழுக்கும் மேலே போயிற்று. ஒரு தொலைபேசி எண் ஒரு கண்டத்தின் பறவைக் கணக்கைத் திருத்தியது!

வளையம் சொல்லாததை இறக்கை சொல்கிறது. ஆண்டுதோறும் சில வேட்டைக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் சுடும் ஒவ்வொரு வாத்தின் ஓர் இறக்கையையும் தபாலில் அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். பெருவாத்து என்றால் வால் இறகு. பருவம் முடிந்ததும் உயிரியலாளர்கள் ஓரிடத்தில் கூடி, மலைபோல் குவிந்த இறக்கைகளை நாள்கணக்கில் பிரிப்பார்கள். இறகின் நிறத்திலும் நுனியின் தேய்மானத்திலும் எந்த இனம், ஆணா பெண்ணா, இந்த ஆண்டுக் குஞ்சா முதிர்ந்த பறவையா என்று சொல்லிவிடலாம். குஞ்சுகளின் பங்கு அதிகமானால் வடக்கில் நல்ல மழை, நல்ல ஈற்று. குறைந்தால் கூடுகட்டும் குட்டைகள் வறண்டிருக்கின்றன. கனடாப் புல்வெளியின் மழைக்கணக்கை ஒரு வாத்தின் தோளிறகில் படிக்கிறார்கள்.

சில சமயம் எண்ணப்போன இடத்தில் இல்லாததே கிடைத்துவிடும். பெருவாத்துகளில் மிகப் பெரிய உள்ளினமான ராட்சதக் கனடா வாத்து அழிந்துவிட்டது என்று பல பத்தாண்டுகளாக நம்பினார்கள். 1962 ஜனவரியில் மின்னசோட்டாவின் ராச்செஸ்டர் நகரத்து சில்வர் ஏரியில் ஹேரால்ட் ஹான்சன் என்ற ஆய்வாளர் வாத்துகளைப் பிடித்து எடைபோட்டார். எடை நம்ப முடியாத அளவுக்கு இருந்தது. தராசில்தான் கோளாறு என்று நினைத்து, கடையிலிருந்து மாவும் சர்க்கரையும் வாங்கிவந்து நிறுத்துப் பார்த்தார்கள். தராசு சரியாகவே இருந்தது. இன்று அந்த வாத்து பெருகி, புல்தரைகளுக்கெல்லாம் தொந்தரவாகிவிட்ட நிலையில், வடக்கிலிருந்து வலசை வருபவை வந்துசேருமுன் உள்ளூர் வாத்துகளை மட்டும் குறிவைத்து செப்டம்பர் தொடக்கத்திலேயே ஒரு தனிப்பருவம் திறக்கிறார்கள். கனடா வாத்தின் ஆயுளும் வளையத்தால்தான் தெரிந்தது. 1969-இல் ஒஹாயோவில் வளையம் போட்ட ஒரு பெண் வாத்து 2001-இல் ஒன்டாரியோவில் சுடப்பட்டபோது அதற்கு 33 வயதுக்கும் மேல்.

நம் நாட்டில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இப்படியொரு வேட்டைக்காலம் கிடையாது. ஆனால் லிங்கனின் கணக்கு இங்கேயும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1990-களில் நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் புலிகளுக்கு அதைப் பயன்படுத்தினார். புலிக்குக் குறியிட வேண்டியதில்லை, அதன் வரிகளே குறி. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. தானியங்கி கேமராவில் ஒருமுறை விழுந்த புலி மறுபடி எத்தனை முறை விழுகிறது என்பதிலிருந்து, விழாதவற்றின் எண்ணிக்கை வருகிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புலிகளை எண்ணுவது இந்த அடிப்படையில்தான். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வலைவிரித்துப் பறவைகளுக்கு மாட்டும் வளையங்களும் இதே குடும்பம். ஒரு துப்பாக்கியும் இல்லாமல் இங்கே நடக்கும் அந்த எண்ணிக்கைதான் என் மனதுக்கு நெருக்கமானது. ஆனாலும் துப்பாக்கி ஏந்திய இலட்சக்கணக்கான பேரை ஒரு பெரும் அளவீட்டுக்குள் கொண்டுவந்து, அவர்களிடமிருந்தே உண்மையைக் கறந்தெடுத்ததை மதிக்காமல் இருக்க முடியாது.

மின்னசோட்டாவில் 1971 வரை கரடிக்குப் பாதுகாப்பே இல்லை. தொல்லை விலங்கு என்று யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சுட்டார்கள். அந்த ஆண்டுதான் அதை வேட்டை விலங்கு என்று அறிவித்துப் பருவமும் விதியும் வகுத்தார்கள். கரடிகள் பெருகின. பெருகியதும் அனுமதிகளும் பெருகி, 2000-ஐ ஒட்டி ஆண்டுக்கு 20,000-ஐத் தாண்டின. 2002-இலும் 2008-இலும் செய்த மஞ்சள் கோட்டுக் கணக்குகளை அருகருகே வைத்தபோது கரடிகள் நன்றாகக் குறைந்திருப்பது தெரிந்தது. சரியும் எண்ணைக் கண்டதும் அனுமதிகளை வெட்டினார்கள். 2013-இல் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கு 4,000-க்கும் குறைவான அனுமதிகளே கிடைத்தன. வேட்டைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் அனுப்பிய பற்கள்தாம் அந்த முடிவுக்கு ஆதாரம்.

அதே 2013-இல் சிப்பெவா தேசியக் காட்டில் ஒரு கரடி இறந்துகிடந்தது. கார்ஷெலிஸ் குழுவின் பதிவேட்டில் அதன் பெயர் 56. 1981 ஜூலையில் அதற்குக் கழுத்துப்பட்டை மாட்டியபோது வயது ஏழு என்று பல் சொன்னது. 32 ஆண்டுகள் அதைப் பின்தொடர்ந்தார்கள். 25-ஆம் வயதில் கடைசிக் குட்டிகளை வளர்த்தது. முதுமையில் பார்வையும் செவியும் மங்கின. கழுத்துப்பட்டை தெரிந்தால் சுட வேண்டாம் என்று ஆய்வாளர்கள் வேட்டைக்காரர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டதுதான், சட்டத்தில் தடை இல்லை. ஆள்நடமாட்டம் குறைந்த பகுதியில் வாழ்ந்ததும், மனிதரைக் கண்டால் ஒதுங்கும் சுபாவமும் அதற்குத் துணைநின்றன. 39 ஆண்டுகளும் சில மாதங்களும் வாழ்ந்து முடித்தது. உலகில் காட்டில் வாழ்ந்த கரடிகளில் இவ்வளவு வயது வேறு எதற்கும் பதிவானதில்லை. அந்த ஆய்வில் வயதாகி இயல்பாக இறந்த முதல் கரடி அதுதான் என்பது மற்றக் கரடிகளின் முடிவு என்னவாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

வாத்து ஆய்வாளர்களுக்கு எத்தனை என்பதைவிடக் கடினமான ஒரு கேள்வி இருந்தது. இலையுதிர் காலத்தில் சுடப்பட்ட வாத்து, சுடப்படாவிட்டால் அடுத்த வசந்தம்வரை பிழைத்திருக்குமா? எப்படியும் குளிரிலோ நோயிலோ நரிக்கோ போயிருக்கும் என்றால் வேட்டையால் பெரிய நட்டமில்லை. அப்படியில்லை, ஒவ்வொரு தோட்டாவும் ஒரு கூடுதல் சாவு என்றால் கணக்கே வேறு. ஆண்டர்சனும் பர்னாமும் 1976-இல் மல்லார்டு வளையங்களை அலசி, ஓர் அளவுக்குள் முதல் கருத்துக்கே சாட்சி இருக்கிறது என்றார்கள். சண்டை ஓயவில்லை.

1995-இல் அரசு அமைப்புகள் அருமையான ஒரு வழி கண்டன. யார் சரி என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம். இரு தரப்பையும், அதோடு இனப்பெருக்கத்தைப் பற்றிய இரு கருத்துகளையும் சேர்த்து நான்கு கணித மாதிரிகள் ஆக்கினார்கள். நான்குக்கும் முதலில் சம நம்பிக்கை. அடுத்த வசந்தத்தில் எத்தனை மல்லார்டு இருக்கும் என்று ஒவ்வொன்றும் முன்கூட்டிச் சொல்லும். பிறகு விமானத்தில் போய் எண்ணுவார்கள். நெருங்கிச் சொன்ன மாதிரிக்கு நம்பிக்கை கூடும், தப்பியதற்குக் குறையும். அதை வைத்து அந்த ஆண்டுப் பருவம் தாராளமா, மிதமா, கடுமையா என்று முடிவாகும். மிசிசிப்பி வழியில் தாராளம் என்றால் 60 நாள், நாளுக்கு ஆறு வாத்து. அரசாங்கம் ஒன்று தன் அறியாமையை எண்ணாக எழுதிவைத்து, ஆண்டுதோறும் அதைத் திருத்திக்கொள்ளும் இந்த முறையைப் படித்தபோது, நம் ஊர் ஏரிகளுக்கும் மீன்பிடித் தடைக்காலத்துக்கும் இப்படி ஒன்று வராதா என்று ஏங்கினேன்.

விமானக் கணக்கெடுப்பு 1955 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடந்துவந்தது. மரவுச்சிகளுக்குச் சற்று மேலே பறந்தபடி, அமெரிக்க வட மாநிலங்களிலிருந்து கனடா வழியாக அலாஸ்காவரை, 20 இலட்சம் சதுர மைலில் நேர்கோடு நேர்கோடாகப் போய், விமானத்தின் இரு பக்கமும் தெரியும் வாத்துகளையும் குட்டைகளையும் எண்ணுவார்கள். 2020-இலும் 2021-இலும் கொரோனா காரணமாக விமானங்கள் புறப்படவில்லை. 65 ஆண்டுத் தொடர் அறுந்தது. அந்த இரண்டு ஆண்டும் பருவத்தை எப்படித் திறப்பது என்ற கேள்விக்கு மாதிரிகளின் கணிப்பைக் கொண்டுதான் விடை தேடினார்கள். இறக்கை உறைகள் மட்டும் வழக்கம்போலத் தபாலில் வந்துகொண்டிருந்தன. 2022 மே மாதம் விமானங்கள் மீண்டும் புறப்பட்டன. 2019-இல் 3.89 கோடியாக இருந்த வாத்துகள் 3.42 கோடியாகியிருந்தன. இடையில் 2021-இல் புல்வெளிகளைக் கடும் வறட்சி தாக்கியிருந்தது.